தண்டையார்பேட்டையில் 5ஜி வீட்டு இணையம்: மாடியில் சரி, பின் அறையில்?

மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டி, டவரிலிருந்து வரும் 5ஜி சிக்னலை அதில் வாங்கி, வீட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கும் சேவை இப்போது வடசென்னை முழுக்க விற்கிறது. தண்டையார்பேட்டையில் இதை வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமான பதில் வேண்டும் என்றால்: உங்கள் தெருவுக்கு ஃபைபர் வராது என்றால் வாங்குங்கள், பகலில் அருமையாக ஓடுகிறது. ஃபைபர் வரும் என்றால் ஃபைபரே போடுங்கள். இரவு 8 மணிக்கு மேல் வீட்டில் நாலு பேர் நாலு வேலை பார்க்கும் குடும்பமா, வாங்கும் முன் கீழே இருப்பதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கம்பெனிப் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி பெட்டியை மாட்டினாலும் இருக்கும், ஏனென்றால் அவை 5ஜி என்ற தொழில்நுட்பத்திலேயே உள்ளவை. அடுத்து வரப்போகும் 6ஜிக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறதே, அந்த ஆராய்ச்சி தீர்க்க வேண்டியவை. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் தகவல் தொடர்புப் பாடம் எடுக்கிறேன், என் மாணவர்களில் பலர் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகள். அவர்கள் 6ஜி என்று பிராஜெக்ட் தலைப்போடு வந்தால் முதல் பக்கத்திலேயே நொடிக்கு இத்தனை நூறு ஜிகாபிட் என்று இருக்கும். உன் வீட்டில் கடைசி அறையில் இன்றைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டால் பதில் வராது, யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அதனால் இந்தச் சேவையை நான் உச்ச வேகத்தை வைத்து மதிப்பிடப்போவதில்லை. வீட்டிலேயே மோசமான இடத்தில், நாளிலேயே மோசமான நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கணக்கு.

எங்கள் தெருவில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். முன்பு மாடிக்கு மாடி இழுத்த கேபிள் இணையம்தான், மழைநீர் வடிகால் தோண்டினால் அறுபடும், குடிநீர்க் குழாய் மாற்றினால் அறுபடும், பக்கத்து வீட்டில் வெள்ளையடித்தால்கூட அறுபடும். ஒட்டிப் போட ஆள் வருவதற்குள் பிள்ளைகளின் தேர்வே முடிந்துவிடும். 2022 அக்டோபரில் நாட்டில் 5ஜி தொடங்கியபோது அந்த மாதத்திலேயே சென்னைக்கும் வந்துவிட்டது, வீட்டுச் சேவையும் அடுத்த ஆண்டே இங்கே விற்பனைக்கு வந்தது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பிளான். சரி, போடலாம் என்று போட்டேன்.

மாட்ட வந்த தம்பி நல்ல பையன், வேலை தெரிந்தவர். கடையில் பேசியபோது ரவுட்டரை ஹாலில் வைத்தாலே போதும் என்றார்கள். இவர் வந்ததும், "அதெல்லாம் விக்கறதுக்கு சொல்றது சார், வாங்க, மேல போயி டவர் தெரியுதா பாத்துடலாம்" என்று நேரே மாடிக்குப் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் நட்டு, போனில் சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டே பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தார். இந்த வேலைக்கு முழு மதிப்பெண். இப்படிப் பொறுமையாகத் திருப்பி வைப்பவர் வந்தால்தான் இந்தச் சேவை உருப்படும், ஏனோதானோ என்று ஆணி அடித்துவிட்டுப் போகிறவர் வந்தால் முதல் நாளே வீண்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் பெட்டி காட்டிய சிக்னல் மைனஸ் 84 டிபிஎம் (சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு). அதே டவரின் சிக்னலை என் 5ஜி போனில் தரைத்தளப் பின் அறையில் பார்த்தால் மைனஸ் 109. வித்தியாசம் 25 டெசிபெல். 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, அப்படிப் பார்த்தால் மாடியில் கிடைப்பதில் முன்னூறில் ஒரு பங்குதான் கீழே வந்து சேர்கிறது. இது ஏதோ எங்கள் வீட்டு ராசி இல்லை. உலக அளவில் மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கணக்கிலேயே கான்கிரீட் சுவருக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: அலைவரிசையை ஜிகாஹெர்ட்ஸில் எடுத்து 4ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் எத்தனை டெசிபெல் போகும் என்று வந்துவிடும். நம் ஊரில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.3 முதல் 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைப் பட்டையில். 3.5 என்று வைத்தால் 19 டெசிபெல், அதாவது ஒரு சுவரைத் தாண்டினாலே எண்பதில் ஒரு பங்கு. 700 மெகாஹெர்ட்ஸ் என்றால் 8 டெசிபெல்தான், ஆறில் ஒரு பங்காவது தேறும். 2022 ஏலத்தில் விற்ற 26 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை என்றால் 109 டெசிபெல், ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கு. உள்ளே ஒன்றும் வராது என்று பொருள்.

மாடியில் பெட்டி மாட்டுவதே இந்தச் சுவரைத் தவிர்க்கத்தான், அந்த வகையில் இந்தச் சேவை புத்திசாலித்தனமான ஏற்பாடு. பெட்டியிலிருந்து கேபிள் கீழே இறங்கி ரவுட்டருக்கு வருகிறது, சுவர் இழப்பு இல்லை. ஆனால் மாடியே சொந்தமில்லாதவர்கள்? எங்கள் பகுதியில் ஒரே கட்டடத்தில் ஆறு குடித்தனம் சாதாரணம். மாடியில் பெட்டி வைக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அரசு வாரிய அடுக்குமாடி வீடுகளில் மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு நாலாவது மாடிக்கு மேல் என்ன உரிமை? எங்கள் எதிர் வீட்டில் குடியிருக்கும் அக்கா தையல் வேலை செய்கிறார், ஆர்டர் எல்லாம் போனில்தான். வாட்ஸ்அப்பில் டிசைன் படம் திறக்க வாசற்படிக்கு வந்து நிற்கிறார். அவருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜியைத் தேர்வு செய்ய வைத்த சோதனையில் நெருக்கமான நகரம் என்று ஒரு மாதிரி இருந்தது. டவருக்கு டவர் 200 மீட்டர், பயன்படுத்துவோரில் 80 சதவீதம் பேர் கட்டடத்துக்குள் இருப்பார்கள் என்று கணக்கு. அதுவரை சரிதான். ஆனால் அந்தக் கட்டடங்களில் 80 சதவீதம் இழப்பு குறைந்த வகை, அந்த வகைச் சுவரில் 30 சதவீதம் சாதாரணக் கண்ணாடி. பழைய வண்ணாரப்பேட்டையிலோ காசிமேட்டிலோ வந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு பொதுச் சுவர், பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது, முன்பக்கம் ஒரு கதவு ஒரு ஜன்னல், அதுவும் மரக்கதவு போட்டு மூடியது, பின்னால் சமையலறைக்கு வெளிச்சம் வருவதே கூரையில் விட்ட ஒரு கண்ணாடி ஓடு வழியாக. அந்த மாதிரியில் இந்த வீடு இல்லை. மாதிரியில் இல்லாத வீட்டுக்கு வடிவமைப்பிலும் இடம் இருக்காது. 6ஜி ஆராய்ச்சி செய்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: கம்பியும் ஆண்டெனாவும் எடுத்துக்கொண்டு இந்தத் தெருக்களுக்கு வந்து அளந்து எழுதுங்கள்.

ஏனென்றால் அடுத்த தலைமுறைக்குப் பேசப்படும் பட்டைகள் இன்னும் மேலே போகின்றன. 2023 இறுதியில் எந்த அலைவரிசை எதற்கு என்று முடிவு செய்யும் உலக வானலைத் தொடர்பு மாநாடு துபாயில் நடந்தபோது, 2027 மாநாட்டுக்குள் ஆராய வேண்டியவை என்று குறித்ததில் 7.125 முதல் 8.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 14.8 முதல் 15.35 வரை இன்னொன்று. 8 ஜிகாஹெர்ட்ஸை அதே கான்கிரீட் சூத்திரத்தில் போட்டால் 37 டெசிபெல், ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், அலைநீளம் சின்னதாவதால் அதே அளவு பலகையில் ஐந்து மடங்கு ஆண்டெனா அடுக்கலாம் என்பது. அடுக்கலாம், அதில் 7 டெசிபெல் கிடைக்கும், ஆனால் திறந்த வெளியில் அலைவரிசை கூடுவதால் இழப்பதே அந்த 7 டெசிபெல், அதற்கும் இதற்கும் சரியாகிவிடும். சுவரில் கூடுதலாகப் போகும் 18 டெசிபெல்லை யார் தருவார்கள்? இதை வகுப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள், அப்புறம்தான் உருப்படியான கேள்விகள் வருகின்றன. நூறு ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலே போவதைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது பெரும்பாலும் ஒரே அறைக்குள் பயன்படும் சங்கதி.

சுவரில் ஒட்டக்கூடிய பிரதிபலிப்புப் பலகைகள் பற்றிய ஆராய்ச்சிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றின் மின்தன்மையையும் மாற்றி, விழும் அலையை வேண்டிய திசைக்குத் திருப்பலாம். தெருமுனையில் ஒன்று இருந்தால் டவர் தெரியாத சந்துக்குள்ளும் சிக்னலைத் திருப்பிவிடலாம், மின்சாரமும் கொஞ்சம்தான். ஆனால் பலகைக்கு எந்த நேரம் எந்தத் திசை என்று யார் சொல்வது, அதற்கு எவ்வளவு அளவீட்டுச் சிக்னல் செலவாகும் என்பது இன்னும் தீராத கணக்கு. அதோடு ஒரு கம்பெனிக்காகத் திருப்பிய பலகை மற்ற கம்பெனியின் அலையையும் சேர்த்தே எங்கோ திருப்பும். ஒரே சந்தில் மூன்று கம்பெனி வாடிக்கையாளர்கள் இருக்கும் ஊரில் இதைத் தீர்க்காமல் ஒன்றும் நடக்காது.

சேவைக்குத் திரும்புகிறேன். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது, அப்புறம் எதிர்வரிசையில் ஒரு வீட்டில் இன்னொரு மாடி எழும்பியது. சென்ட்ரிங் போட்ட வாரமே வேகம் இறங்க ஆரம்பித்து, சுவர் எழும்பியதும் பாதியாகிவிட்டது. ஆள் வந்து பெட்டியை மாடியின் மறுமூலைக்கு மாற்றி வேறு டவரைப் பிடித்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை, நல்ல விஷயம். ஆனால் மாதா மாதம் ஏதாவது ஒரு வீட்டில் மாடி எழும்பும் பகுதி இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம். காலை 6 முதல் மாலை 5 வரை 90 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்து நான் பார்த்ததே அரிது. இரவு 9 மணிக்கு 20, 25. கிரிக்கெட் மேட்ச் நாள் என்றால் 10. தெருவுக்கு ஒரு தண்ணீர் லாரி என்று வந்தால் குடம் எத்தனை என்பதைப் பொறுத்துத்தானே கிடைக்கும், இதுவும் அப்படித்தான். டவரின் ஒரு பக்கத்தில் மொத்தம் நொடிக்கு 1 ஜிகாபிட் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், அந்தப் பக்கத்தில் 50 வீடு ஒரே நேரத்தில் படம் பார்த்தால் வீட்டுக்கு 20. போனில் பார்ப்பவர்கள் வேறு. ஃபைபரில் இந்தப் பங்கீடு இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் அங்கே கூடுதல் இழை போட்டுப் பெருக்கலாம், காற்றில் அலைவரிசையை அப்படிப் பெருக்க முடியாது.

5ஜியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டவரில் 64 ஆண்டெனாத் தடங்களை வைத்து, ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் வேறு வேறு திசையில் இருப்பவர்களுக்குத் தனித்தனிக் கற்றையாக அனுப்புவது. திசை வேறு வேறாக இருந்தால்தான் கற்றையைப் பிரிக்க முடியும். டவரிலிருந்து பார்த்தால் எங்கள் தெரு முழுக்க ஒரே கோட்டில், மாடிகளெல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில். பிரிக்க என்ன இருக்கிறது? இதற்கு ஆராய்ச்சி உலகம் சொல்லும் மாற்று, பெரிய டவரின் ஆண்டெனாக்களை ஒரே இடத்தில் குவிக்காமல் தெருவெங்கும் சின்னச் சின்னதாகப் பரப்பி, எல்லாமே ஒன்றுசேர்ந்து ஒவ்வொருவருக்கும் அனுப்புவது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை, பின் அறைக்கும் ஏதாவது ஒரு ஆண்டெனா பக்கத்தில் இருக்குமே. ஆனால் அந்தச் சின்ன ஆண்டெனாக்களை இணைக்க ஃபைபர் வேண்டும், நேரம் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஃபைபர் போட முடியாத தெரு என்பதால்தானே நான் இந்தச் சேவையையே வாங்கினேன். ஆண்டெனாவிலிருந்து ஆண்டெனாவுக்குக் காற்றிலேயே இணைப்புக் கொடுக்கும் முறை 3ஜிபிபியின் 16ஆம் வெளியீட்டிலேயே (அவர்கள் தரநிலைகள் எண் போட்ட வெளியீடுகளாகத்தான் வரும்) வந்துவிட்டது, அதற்கு 26 ஜிகாஹெர்ட்ஸ் பொருத்தமாக இருக்கும், சுவரைத் தாண்டத் தேவையில்லை, மாடிக்கு மாடி நேர்ப்பார்வை போதும். ஐப்பசி கார்த்திகை மழையைப் பற்றிப் பயப்படுகிறார்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டினால் அந்தப் பட்டையில் கிலோமீட்டருக்கு 7 டெசிபெல் அளவில் போகும், 200 மீட்டருக்கு ஒன்றரைதான். மழை இங்கே தடையே இல்லை.

அப்லோடுதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. விளம்பரத்தில் ஒரு வார்த்தை இருக்காது. பகலில் 10 எம்பிபிஎஸ், இரவில் 3. பக்கத்து வீட்டு அம்மா குவைத்தில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும்போது மகன் முகம் தெளிவாகத் தெரியும், அவனுக்கு இவர் முகம் கட்டம் கட்டமாக உடையும். "நீ சரியா தெரியலம்மா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். காரணம் இரண்டு. இந்தப் பட்டையில் அனுப்பவும் பெறவும் ஒரே அலைவரிசைதான், நேரத்தைக் கூறு போட்டுக்கொள்கிறார்கள், ஐந்து கூறில் ஒன்றுதான் நமக்கு அனுப்பக் கிடைப்பது. இரண்டாவது, டவர் 200 வாட்டில் கத்துகிறது, நம் போன் 0.2 வாட்டில் பதில் சொல்ல வேண்டும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். கம்பெனி நினைத்தால் அந்தக் கூறை மாற்றிவிட முடியாதா என்று கேட்டால், தனியாக மாற்ற முடியாது. பக்கத்துப் பட்டையில் இருக்கும் மற்ற கம்பெனியின் டவர் கத்தும் நேரத்தில் இவர்களுடைய டவர் நம் மெல்லிய சிக்னலைக் கேட்க உட்கார்ந்தால் காது அடைத்துவிடும், அதனால் எல்லோரும் ஒரே தாளத்தில் போகவேண்டிய கட்டாயம். பட்டையின் நடுவில் ஒரு துண்டை எப்போதும் அப்லோடுக்கு ஒதுக்கி, டவர் பேசிக்கொண்டே கேட்கவும் செய்யும் முறையை 3ஜிபிபி 18ஆம் வெளியீட்டில் ஆராய்ந்து 19இல் சேர்த்திருக்கிறது. தன் குரலையே நூறு டெசிபெல்லுக்கு மேல் அடக்கிவிட்டு அடுத்தவர் குரலைக் கேட்க வேண்டும், எளிய வேலை இல்லை. ஆனால் எங்கள் பகுதிக்கு உச்ச வேகத்தை இரட்டிப்பாக்குவதைவிட இது பத்து மடங்கு பயன்.

5ஜிக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்த தேவையிலேயே நெருக்கமான நகரத்தில் டவுன்லோடு 100, அப்லோடு 50 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது, அதுவும் சராசரி இல்லை, 95 சதவீதம் பேருக்குக் குறையாமல் கிடைக்க வேண்டியது. அதற்குப் பக்கத்தில் என் இரவு 9 மணி எண்களை வைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் அதே ஒன்றியம் வெளியிட்ட 6ஜி வழிகாட்டு ஆவணத்தில் இந்த வேகம் 300 அல்லது 500 என்று ஆராய்ச்சி இலக்காக எழுதப்பட்டிருக்கிறது. தாமதம் 0.1 முதல் 1 மில்லிசெகண்டாம், அது காற்றில் போகும் பகுதிக்கு மட்டும். என் வீட்டில் யாரும் பயன்படுத்தாதபோது பிங் (ஒரு சேதி போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லிசெகண்ட், தம்பி மகன் கல்லூரி வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தால் 300ஐத் தாண்டுகிறது. காற்றில் தாமதம் இல்லை, ரவுட்டரிலும் டவரிலும் வரிசை கட்டி நிற்கும் தாமதம். வரிசை நீளும் முன்பே அனுப்புகிறவருக்குச் சைகை கொடுத்து மட்டுப்படுத்தும் முறை எல்4எஸ் என்ற பெயரில் 2023 ஜனவரியிலேயே இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் சோதனை நிலை ஆவணமாக வெளிவந்துவிட்டது. இதை வீட்டு ரவுட்டரில் வரவைப்பது புதிய அலைவரிசை ஏலத்தைவிட மலிவு.

கஸ்டமர் கேர் பற்றி ஒரு பத்தி போதும். காலை 11 மணிக்குக் கூப்பிட்டு, தூரத்திலிருந்தே சோதித்து, "வேகம் சரியா இருக்கு சார்" என்று புகாரை மூடிவிடுகிறார்கள். புகார் இரவு 9 மணிக்கானது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் படிவத்தில் நேரத்துக்கு இடம் இல்லை. பில்லில் குழப்பம் ஒன்றும் வரவில்லை.

மின்வெட்டுக்கு வருவோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. டவர் பேட்டரி சில மணி நேரம்தான், அதற்குமேல் ஜெனரேட்டர், அதற்கு டீசல் கொண்டுபோக இடுப்பளவு தண்ணீரில் வண்டி வராது. உள்ளே மாட்டிக்கொண்ட பெரியவர்களைப் பற்றி வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குச் சேதியே தெரியவில்லை. அதே ஆண்டு எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறி அரசு எச்சரிக்கைச் செய்தியைச் சோதித்தார்களே, அருமையான ஏற்பாடு, டவர் உயிரோடு இருந்தால். 64 தட 5ஜி ரேடியோ ஒன்று முழு வேலையில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் குடிக்கும், டவருக்கு மூன்று. பேட்டரி குறைய ஆரம்பித்ததுமே அகலமான 5ஜியைத் தானாக மூடிவிட்டு, கீழ் அலைவரிசையில் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் நாலு நாள் ஓடும்படி ஒரு டவரை வடிவமைக்க முடியும். பக்கத்து டவர்கள் தங்களுக்குள் பேசி, யார் அணைவது யார் விழித்திருப்பது என்று முறை வைத்துக்கொள்ளவும் முடியும். செயற்கை நுண்ணறிவை நெட்வொர்க்கில் எங்கே வைக்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இருக்கிறதா? இந்த வீட்டுச் சேவைக்கு நீங்கள் யுபிஎஸ் வைத்தால் ரவுட்டரும் மாடிப் பெட்டியும் ஓடும், மறுமுனையில் டவர் ஓடினால்தான் பயன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கரை மறைஞ்சா போனும் மறைஞ்சிடும் சார், எங்களுக்கு எத்தனாவது ஜி வந்தா இன்னா" என்றார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, போன உயிர்கள் எத்தனை. இஸ்ரோ உருவாக்கிய கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது, குறுஞ்செய்தி போகும் வரும். சாதாரண போனே செயற்கைக்கோளோடு பேசும் முறைக்கு 3ஜிபிபி 17ஆம் வெளியீட்டிலேயே வழி செய்துவிட்டார்கள். 600 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கோளை 0.2 வாட் போன் எட்டிப் பிடிக்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த கோளுக்கு மாற வேண்டும், ஓட்டத்தால் மாறும் அலைவரிசையைச் சரிக்கட்ட வேண்டும். வீடியோ வேண்டாம், ஒரு வரிச் சேதி நிச்சயமாகப் போனால் போதும். எங்கும் தொடர்பு என்பது அந்த 6ஜி வழிகாட்டு ஆவணத்தின் ஆறு பயன்பாடுகளில் ஒன்றாக இருப்பதில் இந்தியாவின் பங்கும் உண்டு. அது பேப்பரோடு நிற்கக் கூடாது.

இதெல்லாம் நம்மால் முடியாத வேலையும் இல்லை. வீட்டுக்குக் காற்று வழியாகவே தொலைபேசி கொடுக்கும் கார்டெக்ட்டை 1990களிலேயே ஐஐடி மெட்ராஸ் குழு செய்துகாட்டியது, பேச்சோடு 35 அல்லது 70 கேபிபிஎஸ் இணையமும் வந்தது. அதே ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து கட்டிய 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. நம் கிராமங்களில் டவருக்கு டவர் தூரம் அதிகம் என்று வாதாடி, 6 கிலோமீட்டர் இடைவெளியுள்ள ஒரு சோதனையை உலகத் தேர்விலேயே சேர்க்க வைத்தது இந்தியாதான். போனின் அப்லோடு சக்தியைக் கூட்ட நம்மவர்கள் செய்த மாற்றமும் பிறகு உலகத் தரநிலையில் கலந்தது. கிராமத்துக்குச் செய்ததை இந்தத் தெருக்களுக்கும் செய்யலாம்: ஜன்னலில்லாத பொதுச்சுவர் வீடு, தரைத்தளப் பின் அறை, இரவு 9 மணி, கரண்ட் இல்லை. இந்த நாலையும் சேர்த்து ஒரு சோதனை மாதிரி 6ஜி தேர்வில் இருக்க வேண்டும். 2030 வாக்கில் வரும் என்கிறார்கள், மாதிரிகளை எழுதும் காலம் இதுதான்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பகலுக்கு 5க்கு 4, இரவுக்கு 2, அப்லோடுக்கு 1, மாட்டித் தந்த வேலைக்கு 5. நான் தொடர்ந்து வைத்திருக்கிறேன், அறுந்துபோகும் கேபிளுக்கு இது எவ்வளவோ மேல். வாங்குகிறவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டாதீர்கள், முதலில் ஒரு மாதம் கட்டி இரவு 9 மணிக்கு டவுன்லோடு, அப்லோடு, பிங் மூன்றையும் பாருங்கள். கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்கும் பழைய டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) வைத்திருப்பவர்கள் தனி ஐபி (இணையத்தில் உங்களுக்கென்று ஒரு முகவரி) கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள், எனக்குக் கிடைக்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரம் என்றால் மாடிப் பெட்டியின் கேபிள் முனையில் நீர்புகா டேப் சுற்றித் தரச்சொல்லுங்கள், உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிடும். எண்ணூர், எர்ணாவூர் பக்கம் யாராவது பயன்படுத்தினால் உங்கள் இரவு எண்களை எழுதுங்கள், அப்லோடு கட்டாயம் வேண்டும்.